கரை மட்டும் கறுப்பு

இரண்டு குடை வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது, முதலாளி. தலை ஒன்றுதான், குடை எதற்கு இரண்டு? குவீன்ஸ்டவுனில் நான் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வீட்டில், வீட்டுக்காரர் பிரிஜட் அக்கா ஒரே மாதிரியான கறுப்புக் குடைகளை அடுக்கி வைத்திருந்தார். மழை வந்தால் எதில் கம்பி ஒடிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். அதற்குள் மழை விட்டுவிடும். நான் குடிவந்த மாதமே நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குப்பையில் போட்டுவிட்டேன். அக்கா இன்றுவரை எதிர்வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்படுகிறார். நான் குறுக்கிடவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கோபத்தில் காரியம் செய்கிறவன் அல்ல. குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறியதில்லை. என் சுபாவம் சுத்தம் பார்ப்பது, அவ்வளவுதான். நேற்று நீங்கள் அச்சகத்தில் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் காட்டி, "கோளாறு ஆம்ப்ரோஸோட புது புரோகிராம்லதான். அதத் தூக்கிப் போட்டுட்டு இயேசுதாசனோட பழசையே போடுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். மற்ற எதையும் தாங்கியிருப்பேன். அதைத் தாங்க முடியவில்லை. புரோகிராமில் ஒரு கோளாறும் இல்லை என்பதை நிரூபிக்கவே இதை எழுதுகிறேன்.

நீங்கள் அறிந்தவற்றையும் வரிசைக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அட்டை அடிக்கும் புரோகிராமை எழுதியவன் இயேசுதாசன். பெற்றோர் இல்லாதவன், கன்னியர் மடத்தில் வளர்ந்தவன், எந்நேரமும் சிரித்த முகம். எனக்கும் அவனுக்கும் ஒரே மேசை, ஒரே பங்குக் கோயில், பாடகர் குழுவில் ஒரே வரிசை. நாம் அடிக்கும் அட்டைகள் இன்ன இன்ன வகை என்று திட்டமாக இருக்கின்றன: திருமணம், நிக்காஹ், திருமுழுக்கு, காதணி விழா, புதுமனை, இறப்பு. நாளைக்குப் புதிதாக ஒரு வகை முளைக்கப்போவதில்லை. ஒவ்வொரு வகையும் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். தலைப்பு என்ன, கரை என்ன நிறம், முகவரியை எப்படி அடுக்குவது, தொடர்புக்கு யார், கடைசி வரி என்ன.

இயேசுதாசன் என்ன செய்திருந்தான் என்றால், எல்லா வகைக்கும் எல்லாப் பதிலையும் தனித்தனியாக எழுதியிருந்தான். பிளாக், மாடி, வீட்டு எண் என்று முகவரியை அடுக்கும் வரிகள் திருமணத்திலும் அவையேதான், காதணியிலும் அவையேதான். ஆனாலும் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டிக்கொண்டே போயிருந்தான். "ஏண்டா இப்படி?" என்று கேட்டேன். "பரவால்ல லா. அவங்கவங்க அடுப்புல அவங்கவங்க சமைச்சுக்கட்டும். எனக்கு என்ன நஷ்டம்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொலைபேசி எண்களில் ஓர் இலக்கம் கூடியதே, அப்போது அவன் ஒவ்வொரு வகையாகப் போய்த் திருத்தவேண்டியிருந்தது. காதணி விழாவை மறந்துவிட்டான். வடிவேலு குடும்பத்து அட்டையில் எண் அரைகுறையாக விழுந்து, விருந்துக்கு எத்தனை பேர் வருகிறோம் என்று சொல்ல முயன்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் டெக்கா சந்தைக் கோழிக்கடைக்குப் பேசினார்கள். கோழிக்கடைக்காரர் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு அத்தனை கோழியை வெட்டி வைத்தார். அன்றுதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "நீ பாத்து ஒழுங்கு பண்ணுப்பா" என்றீர்கள்.

நான் மாலை வகுப்பில் புது முறையைப் படித்திருந்தேன். அதில் எல்லா வகைக்கும் பொதுவாக ஒரு தாய் வகை இருக்கும். பொதுவான பதில்கள் அங்கே ஒரே ஒரு தடவை எழுதப்படும். மற்ற வகைகள் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும்; தங்களுக்கு எது மாறுபடுகிறதோ அதை மட்டும் சொல்லும். நான் இயேசுதாசனின் வரிகளை எடுத்து, ஒன்றுபோல இருந்தவற்றையெல்லாம் நீக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால், திருமணத்துக்கும் இறப்புக்கும் நடுவே பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. திருமணத்தில் கரை தங்கநிறம். இறப்பில் கரை கறுப்பு, 'வருகை தந்து வாழ்த்துக' என்ற கடைசி வரி கிடையாது. பெயர், ஊர், கோயில், நேரம் எல்லாம் அதே இடத்தில், அதே எழுத்தில். இதைக் கண்டபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அன்று மாலை தே தாரிக் டீ ஒன்று வாங்கி, சர்க்கரை சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் குடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பிலோமினா தன் கல்யாண அட்டைக்கு ப்ரூஃப் பார்க்க வந்தாள். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் பாடகர் குழுவில்தான் பாடுகிறாள். இயேசுதாசனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். பிலோமினாவைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பிலோமினா ப்ரூஃப் பார்க்கும்போது பென்சிலைக் கடிப்பாள், பிழை கண்டுபிடித்தால் இடது புருவம் மட்டும் உயரும், பச்சைச் சேலை கட்டும் நாளில் மணிக்கட்டில் கடிகாரம் இருக்காது என்பதெல்லாம் பொதுவாக யாரும் கவனிக்கக்கூடிய விஷயங்கள். குவீன்ஸ்டவுனுக்கு எம்ஆர்டி வந்த பிறகு நானும் பிலோமினாவும் காலையில் ஒரே ரயிலில் போவோம். குவீன்ஸ்டவுனிலிருந்து சிராங்கூன் சாலையில் உள்ள நம் அச்சகத்துக்கு நேராக பஸ் இருக்கும்போது தஞ்சோங் பகார் வரை போய் ஏன் மாறி வருகிறாய் என்று நீங்களே ஒருமுறை கேட்டீர்கள். ரயில் சுத்தமாக இருக்கிறது, அதனால்தான்.

எங்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. மூன்று தடவையும் அதே வாசகம்தான். முதல் ஓலையின்போது நான் பாடகர் வரிசையில் நின்றிருந்தேன். சாமியார் இயேசுதாசன் என்ற பெயரையும் பிலோமினா என்ற பெயரையும் வாசித்தார். இரண்டாம் ஓலையின்போது எனக்கு ஒன்று விளங்கியது. அந்த வாசகத்தில் எல்லாம் பொதுவானது. மண்டபம் பேசியாகிவிட்டது. கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. பாட்டு ஒத்திகை முடிந்தது. மாறக்கூடியது ஒரே ஓர் இடம்.

நீங்கள் நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஒரே வயது, ஒரே வேலை, ஒரே கோயில், ஒரே குரல். எங்கள் இருவரில் ஒருவர் உபரி. யார் என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும்; அன்றைக்கு அச்சகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இயேசுதாசன் தூரத்துச் சின்னம்மா ஒருத்தியை அழைப்பதற்காக மலேசியாவுக்கு, ஈப்போவுக்குப் போயிருந்தான். அங்கே தொலைபேசி கிடையாது.

கல்யாண அட்டை என்றால் வீட்டார் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாம் அடிப்போம். இறப்பு அறிவிப்புக்கு அப்படியில்லை. துக்கத்தில் இருப்பவர்களை ப்ரூஃப் பார்க்க அழைப்பது மனிதத்தன்மை இல்லை என்று நீங்கள் வகுத்த விதி அது. ஆர்டர் வந்தால் நேராக அடித்துக் கொடுத்துவிடுவோம். நல்ல விதி. நான் பிலோமினாவின் கல்யாண ஆர்டரைத் திறந்தேன். வகை என்ற இடத்தில் திருமணம் என்றிருந்ததை இறப்பு என்று மாற்றினேன். கரை தானாகக் கறுத்தது, கடைசி வரி தானாக மறைந்தது. இயேசுதாசன் ஈப்போவில் மாரடைப்பால் இறைவனில் இளைப்பாறினார், அடக்க விவரம் பின்னர் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரே பிரதி அடித்து, பிலோமினாவின் அப்பா அந்தோனி ஐயா வீட்டுத் தபால்பெட்டியில் போட்டேன். நகல் எடுப்பது எனக்குப் பிடிக்காது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

உயிரோடு இருப்பவன் திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். அதற்கும் வழி செய்திருந்தேன். அதற்கு முன்பே ஈப்போவுக்கு ஓர் அட்டை தபாலில் போய்விட்டது. அதே அட்டைதான். இயேசுதாசன் என்ற இடத்தில் பிலோமினா, ஈப்போ என்ற இடத்தில் சிங்கப்பூர், அடக்கம் முடிந்தது என்று கடைசியில். எழுதிய வேலை வீணாகக்கூடாது. அம்மா இல்லாத பையன், சிங்கப்பூரில் அவனுக்கு இனி என்ன இருக்கிறது, சின்னம்மாவோடு இருந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அவனுக்கு அம்மா இருந்திருந்தால் நான் இதைச் செய்திருக்கவே மாட்டேன். ஒரு தாயின் வயிறு எரியும்படி நடந்துகொள்ள எனக்கு மனம் வராது.

பிலோமினாவின் சம்மதம் என்று ஒன்று உண்டே என்பீர்கள். அது ஏற்கெனவே வாங்கிய சம்மதம். வாங்கியதை மறுபடி வாங்குவது வெட்டி வேலை.

மறுநாள் காலையில் பிலோமினா அச்சகத்துக்கு வந்தாள். பச்சைச் சேலை, கடிகாரம் இல்லை. என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, அந்த அட்டையை விரித்து வைத்தாள். கண் வீங்கியிருந்தது. நான் ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"நீங்களே எல்லாத்தையும் எடுத்துச் செய்றீங்கன்னு பாத்தேன்ணே. அதான் நேரா உங்ககிட்ட வந்துட்டேன்" என்றாள் பிலோமினா. அட்டையின் அடியில் அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். 'விவரங்களுக்கு: ஆம்ப்ரோஸ்' என்றும், அதற்குப் பக்கத்தில் பிரிஜட் அக்கா வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருந்தன.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கோளாறு என்கிறீர்கள். வீட்டில் போன் இல்லாத வாடிக்கையாளர்களுக்கு, ஆர்டர் எடுத்தவரின் பெயரையும் எண்ணையும் போட்டு உதவுவது நம் அச்சகத்தின் பழைய வழக்கம். எண் இருக்கும் இடம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அப்படிச் செய்யும். துக்க வீட்டு அழைப்பை மட்டும் நாம் எடுக்கக்கூடாது என்று நீங்கள் எப்போதோ சொன்னதை இயேசுதாசன் நினைவு வைத்திருந்து, இறப்பு வகையில் மட்டும் அந்த வரியைச் சற்று மாற்றி எழுதியிருந்தான்: காலியாக இருந்தால் காலியாகவே விடு. பார்வைக்கு மற்ற வகைகளில் இருந்தது போலவே இருந்தது. நான் அதையும் நகல் என்று நீக்கிவிட்டேன். யாரும் எங்கும் பேசிவிடக்கூடாதே என்று கவனமாக எண்ணை அழித்துவிட்டு அடித்தேன். புரோகிராம் தனக்குச் சொன்னதைச் செய்தது. அதன்மேல் என்ன குற்றம்?

"அவர எப்பண்ணே கொண்டு வராங்க?" என்று கேட்டாள் பிலோமினா.

"வந்துகிட்டு இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நினைவு அட்டை ஒண்ணு அடிக்கணும். கல்யாண அட்டைல போட்ட அதே தங்கக் கரை போடுங்க. கறுப்பு வேணாம். அது அவரு ஆசப்பட்டு எடுத்தது." அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல. நீங்க இருக்கீங்க, அது போதும்ணே" என்றாள்.

பிலோமினா எழுந்து போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன உரையாடலில் ஒரே உறவுமுறையை அத்தனை தடவை சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு காரியங்கள் என் கையை மீறிப் போயின. அந்த அட்டையில் நான் அடித்தது ஒரே பிரதி. அந்தோனி ஐயா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோக, உபதேசியார் அதை ஜெராக்ஸ் எடுத்து பிளாக்குக்கு பிளாக் ஒட்டிவிட்டார். பிரிஜட் அக்கா வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. அக்கா உதவும் குணம் உள்ளவர். எதுவும் தெரியாது என்று சொல்லத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பூசை, பூ வேண்டாம், மெழுகுத்திரி கொண்டுவாருங்கள் என்று அவராகவே சொல்லிவிட்டார். நான்கு மணி என்று அக்கா சொன்னதால் சாமியாரும் நான்கு மணிக்கே வைத்துவிட்டார். என்னைக் கண்ட இடத்திலெல்லாம் ஜனங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நண்பன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள். நீங்கள்கூட எனக்கு அரைநாள் லீவு கொடுத்தீர்கள்.

அன்று மாலை நான் அறையில் இருந்தபோது அக்கா பேசியது என் காதில் விழுந்தது. எதிர்முனையில் பேசியதைப் பிறகு அக்காவே சொன்னார். ஈப்போவிலிருந்து ஓர் ஆள், அட்டையில் இருந்த எண்ணுக்கு, எடுப்பவரே காசு கட்டும் கலெக்ட் கால் போட்டு, அழுதுகொண்டே, அடக்கம் எங்கே நடந்தது என்று கேட்டிருக்கிறான்.

"நடக்கல தம்பி, நாளைக்குத்தான் பூசை" என்றார் அக்கா. "நல்ல பையன், பாவம்."

"பையனா? நான் பிலோமினாவக் கேக்குறேன்."

"பிலோமினாவுக்கு என்ன? காலைலகூட அச்சகத்துக்குப் போய் அழுதுட்டு வந்துச்சு. செத்தது இயேசுதாசன் லா."

"நான்தாங்க இயேசுதாசன்."

அக்கா ரிசீவரை வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஆவி கலெக்ட் கால் பண்ணாது, யாரோ விளையாடுகிறான் என்று என்னிடம் நம்பிக்கையோடு சொன்னார்.

பூசையில் நானும் பாடினேன். இயேசுதாசன் நின்ற இடத்தை விட்டுவிட்டுத்தான் வரிசை நின்றது. அதுவும் ஓர் இடைவெளி, அடைத்திருக்கலாம். முன்வரிசையில் பிலோமினா வெள்ளைச் சேலையில் இருந்தாள். சாமியார் செபத்தைத் தொடங்கியபோது கதவருகே சத்தம் கேட்டது. இயேசுதாசன் தூங்காத கண்களோடு, கையில் ஈப்போ பம்ப்ளிமாஸ் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றான். தன் படத்தையும் அதைச் சுற்றியிருந்த மெழுகுத்திரிகளையும் பார்த்தான். பிறகு பிலோமினாவைப் பார்த்தான். பழம் உருண்டு பீடத்தடிக்குப் போனது. பிலோமினா ஓடிவந்து அவனை அறைந்தாள். அழுதாள். மறுபடியும் அறைந்தாள். ஒரு தடவை போதுமே என்று எனக்குத் தோன்றியது. அவன் வாங்கிக்கொண்டு சிரித்தான், அதே சிரிப்பு.

என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. இயேசுதாசனே எனக்காகப் பேசினான். "கல்யாண ஆர்டர்ல இருந்த ரெண்டு பேரும் இறப்புக்குள்ள விழுந்துட்டோம் லா. புதுசா எழுதுனா இப்படித்தான் ஏதாவது ஆகும். நான் எழுதுனதுலயும் கோழிக்கடை வந்துச்சே" என்று சாமியாரிடமும் உங்களிடமும் சொன்னான். மாரடைப்பு என்ற வரியும் தபாலும் யார் கை வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயில் வாசலில் என் தோளில் கைபோட்டு, மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொன்னான். சும்மா இருந்திருந்தால் சனிக்கிழமை கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

ஆனால் நீங்கள் பழைய புரோகிராமைப் போடச் சொல்லிவிட்டீர்கள். ஒரு குற்றமும் அறியாத புரோகிராம், என்னுடைய ஒரு காரியத்துக்காகக் குப்பைக்குப் போவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஆகவே தெளிவாக எழுதுகிறேன். இயேசுதாசனைச் சாகடித்தது நான். பிலோமினாவைச் சாகடித்ததும் நான். ஆதாரம் வேண்டுமானால் என் மேசைக்குக் கீழே பழுப்புத்தாளில் கட்டியிருக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். தங்கக் கரை போட்ட கல்யாண அட்டைகள். அதே மண்டபம், அதே தேதி, மணமகள் பிலோமினா. மணமகன் பெயர் மட்டும் ஆம்ப்ரோஸ். புரோகிராம் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்பதை அதில் நீங்களே காணலாம்.

இதுவரை உள்ள வாக்குமூலத்தை இன்று காலையில் உங்கள் மேசைமேல் வைத்தேன். வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடுவீர்கள், இல்லாவிட்டால் போலீசைக் கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. கம்போசிங் காலத்துப் பழக்கம், ப்ரூஃப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பிழை ஒன்றும் இல்லை. பிலோமினா என்று வரும் இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில், "இத சனிக்கிழமைக்குள்ள அந்தப் புள்ளைட்ட நீயே கொண்டுபோய்க் குடு. அதுக்கு முன்னால, ஒரே பேரு இத்தனை தடவை எதுக்குன்னு பாரு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நியாயமான திருத்தம்தான். முதல் இடத்தில் பெயரை வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் 'அவள்' என்று போட்டால் போதும். மதியத்திலிருந்து அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு வட்டமாக எடுத்து, அடித்துப் பார்த்து, திரும்ப எழுதினேன். எது உபரி என்று எனக்குத் தெரியவில்லை, முதலாளி. எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறேன்.